வெட்டாமல் விட்டவை

பேனா மூடியைக் கழற்றிவிட்டு, யார் பெயருக்கு என்று கேட்டாள்.

“ஜெஸிந்தான்னு போடுங்க, மேடம்.”

பேனா தாளைத் தொடவில்லை.

புத்தகக் கண்காட்சி. மூன்று மணிக் கூட்டம். எதிரே நின்றவன் படிய வாரிய தலையும் வெள்ளைச் சட்டையுமாக நல்ல பிள்ளை மாதிரி இருந்தான்.

ஊரில் எத்தனையோ ஜெஸிந்தாக்கள். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டாள்.

புருஷனின் அடி தாங்காமல், சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டவள் ஜெஸிந்தா. பதினோரு நாள் போனிலேயே இவளிடம் தன் கதையைச் சொன்னாள். என் பெயர் வரக்கூடாது, ஊர் வரக்கூடாது, எழுதி முடித்ததும் என் நம்பரை அழித்துவிட வேண்டும் என்றாள்.

மூன்றையும் செய்தாயிற்று.

எழுதிய முந்நூறு பக்கத்தை இவள் எண்பதாக்கினாள். குறுநாவலுக்கு ஒரு வீடும் ஒரு பயமும் போதும். கல்யாணத்தை வெட்டினாள். மாமியாரை வெட்டினாள். கிளைக்கதை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜெஸிந்தா ஒளிந்திருக்கும் அந்த வீட்டில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. அத்தனை உயிரோடு இருந்தது. அதைப் பாராட்டாதவர் இல்லை. எழுதியவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அவன் நீட்டிய பிரதி பலமுறை படித்துக் கசங்கியிருந்தது. புரட்டினாள். பென்சில் கோடுகள்.

அவள் பெருமைப்பட்ட வாக்கியம் எதன் கீழும் கோடு இல்லை.

பாதியில் நின்றுபோன மாதா கோயில் கோபுரம். கோடு.

பன்னிரண்டு மணிக்கு ஊதும் மில் சங்கு. கோடு.

மரவாடிக்கு எதிர்ச்சந்து, வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி, மாடியில் நீலக் கதவு. இரட்டைக் கோடு.

அந்த முப்பத்தோராம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். இன்றைய தேதி. மாலை ஐந்தரை வண்டி. புத்தகத்தில் அவள் எங்கும் எழுதாத ஊர்.

ஜெஸிந்தா ஒளிந்திருக்கும் ஊர்.

நிமிர்ந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊர்தானா என்று பார்க்க வந்தவன், பார்த்துவிட்டான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க, மேடம்” என்றான். “கடைசியில அந்தப் புருஷன் கண்டுபிடிக்காமலே போயிடறான் பாருங்க, அது மட்டும் நம்புற மாதிரி இல்ல.”

அவள் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டான். கையெழுத்தைக் கேட்கவில்லை. கூட்டத்தில் கலந்துவிட்டான்.

போனை எடுத்து ‘ஜெ’ என்று தட்டினாள்.

ஜெயந்தி. ஜெராக்ஸ் கடை.

அவ்வளவுதான்.

போலீசுக்குச் சொல்லலாம் என்றால் தெருப் பெயர்கூடத் தெரியாது. அந்த ஊருக்கு அவள் ஒருமுறையும் போனதில்லை.

மணி மூன்று இருபது.

கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கையெழுத்துக்கு நின்ற வரிசை முணுமுணுத்தது. மேசை மேலிருந்த அடுக்கிலிருந்து தன் புத்தகத்தில் ஒன்றை எடுத்தாள். முப்பத்தோராம் பக்கத்தை மடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.