அந்த டிரைவர் வேண்டாம்

“என்கிட்ட ஏதோ கேக்கணும்னியே, என்ன?”

“இப்ப வேணாம். அதுக்கு ஒரு நாள் வரும், அப்பக் கேக்கறேன். மாட்டேன்னு மட்டும் சொல்லக் கூடாது.”

“வைரத்தோடு கிரத்தோடுன்னு கேட்டுடாதே, தாயே!”

கல்யாணமான நாலாம் நாள், புகுந்த வீட்டுக்குப் போகும் வழியில், டீசல் போட வேன் நின்ற பத்து நிமிஷத்தில் நடந்த பேச்சு அது. பதினாலு வருஷம் ஓடிவிட்டது. அவன் மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை. அந்த நாள் இன்றுதான் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

கையில் போன். ஆறு மணிக்குள் பணம் கட்டினால்தான் ரயிலில் சலுகைக் கட்டணம். சுவர்க்கடிகாரம் ஐந்து நாற்பது காட்டியது.

“எதுக்கு ரயிலு?” கணவன் விடுவதாக இல்லை. “எங்க முதலாளி வேனைச் சும்மா எடுத்துக்கோன்றாரு. டீசல் மட்டும்தான் நம்ம செலவு. டிரைவருக்குக் கூலிகூடக் கிடையாது. இதுக்கு மேல என்ன வேணும்?”

“வேன் வேணாம்.”

வீடே திகைத்தது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி, ஒட்டியிருப்பதையும் வழித்தெடுப்பவள். அவளா சும்மா வருவதை வேண்டாம் என்கிறாள்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அவளுக்கு. வார்டில் மருந்து வேளை எழுதிப் பழகிய கை, இந்தப் பயணத்தையும் கட்டம் கட்டமாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒரே பை. நாலு பேருக்கும் ஒரே சோப்புப் பெட்டி. அடியில் சிவப்பு மையில், ‘யார் எதைத் தொலைத்தாலும் அம்மாவைக் கேட்கக் கூடாது.’

சின்னவள் பத்து நாள் முன்பே பையைக் கட்டிவிட்டாள். தினமும் அதிலிருந்தே சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

“வேனுக்கு என்ன குறைச்சல்?” என்றான் கணவன்.

“வேனுக்கு ஒரு குறையும் இல்ல. அந்த டிரைவர்தான் எனக்குச் சரிப்பட்டு வர மாட்டாரு.”

சின்னவள் ‘களுக்’கென்று சிரித்தாள். பெரியவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

“டிரைவருக்கு என்னவாம்? பதினெட்டு வருஷ சர்வீஸ். வண்டியில ஒரு கீறல் விழுந்தது கிடையாது!”

“ஓட்டறதுல குத்தம் சொல்ல முடியாது. தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரிதான் இருக்கும். ஆனா ஆளு உம்முனு வருவாரு. ‘அங்க பாருங்க, மயில்’னா, ‘அப்புறம் பாக்கறேன்’பாரு. மயில் என்ன, அப்புறம் வரைக்கும் நிக்குமா?”

“பாட்டுப் போடவும் விட மாட்டாரு!” சின்னவள் எகிறிக் குதித்தாள்.

“ஹாரன் கேக்கலைன்னா ஆபத்துடி. பாவம், நல்ல டிரைவர்,” என்று பரிந்து பேசினாள் பெரியவள்.

“அப்படிச் சொல்லும்மா, என் தங்கம்!” என்றான் அப்பா, உற்சாகமாக.

அம்மா விடவில்லை. “போன தடவை நாம எல்லாரும் அருவியில ஆட்டம் போட்டப்ப அவரு என்ன செஞ்சாரு? சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கினாரு.”

“எட்டு மணி நேரம் ஓட்டணும்னா பகல்ல தூங்காம?”

“அதைத்தான் நானும் சொல்றேன். திரும்பி வந்து ரெண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியல அந்த மனுஷனால. நமக்கெல்லாம் லீவு, அவருக்கு மட்டும் டூட்டியா?”

“அவரு வந்து உன்கிட்ட அழுதாராக்கும்!”

“அழற ஆளா அவரு? வலிக்குதான்னு கேட்டாக்கூட இல்லைம்பாரு.”

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

“சரி, ரயிலுக்குப் பணம்?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல ஃபிரிட்ஜ் பக்கம் ஓடினாள். “சனிக்கிழமை கிளம்பாம செவ்வாய்க்கிழமை கிளம்பறோம், ரூம் வாடகை பாதி. அடுப்போட ரூம், ரெண்டு வேளைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். ஸ்டேஷன்லேந்து நடக்கற தூரம், ஆட்டோ கிடையாது. அந்த மிச்சம்தான் இந்த நாலு டிக்கெட். ஆறு மாசமா இதுக்குத்தான் கணக்குப் போட்டேன்.”

“ரயிலுக்காகவா இவ்வளவு பாடு?”

“இல்ல. சீட்டுக்காக.”

போனை அவன் முன்னால் நீட்டினாள். எதிரெதிரே இரண்டிரண்டாக நாலு இருக்கைகள் பச்சையாகத் தெரிந்தன. “இந்தப் பக்கம் பிள்ளைங்க ரெண்டு பேரும். இந்த ஜன்னல் எனக்கு.”

“போகும்போது அக்காவுக்கு ஜன்னல், வரும்போது எனக்கு!” சின்னவள் ஒப்பந்தமே போட்டுவிட்டாள்.

ஐந்து ஐம்பத்தெட்டு. அவள் குரல் திடீரென்று இறங்கியது. “டீசல் போட நின்னப்ப ஒண்ணு சொன்னேனே... ஒரு நாள் கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு. ஞாபகம் இருக்கா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் மறந்திருக்கவில்லை.

“கேளு.”

“கல்யாண வேன்ல ஆரம்பிச்சு பதினாலு வருஷமா, எந்த ஊருக்குப் போனாலும் பின்சீட்டுலேந்து உங்க பின்னந்தலையைப் பாத்துக்கிட்டேதான் வந்திருக்கேன். இந்த ஒரு தடவை அந்த ஸ்டியரிங்கை விட்டுட்டு, என் பக்கத்துல உக்காந்து வாங்களேன்!”