எண்பத்தொரு குழிகள்

"நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா?" எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் பொது ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆராய்ச்சியாளர் கேட்டார். "உங்க அக்கா மாதிரி எதையாவது தொலைச்சிடாதே."

அக்கா பார்த்த அதே வேலை. எல்லோருடைய மாதிரிக் குழாய்களையும் உறைபெட்டியில் எண்ணி வைக்க வேண்டும். ஒரு குழாயை எடுத்துத் தொலைத்தது இந்த ஆராய்ச்சியாளர். பழி விழுந்தது அக்கா மேல். வேலை போன மூன்றாம் மாதம் அவள் செத்துப்போனாள்.

உறைபெட்டிக்குள் அவருடைய சிறு பெட்டியில், குழாய்க்கு ஒன்றாக எண்பத்தொரு குழிகள். இன்று காலை எண்ணினேன். எண்பத்திரண்டு குழாய்கள் இருந்தன. எந்தக் குழியிலும் இரண்டு இல்லை.

அவரும் நான்கு முறை எண்ணினார். பிறகு ஒன்றை உருவினார். அதன் மேல் தொலைந்த குழாயின் எண், அக்காவின் கையெழுத்தில். ஏழின் நடுவே அவள் மட்டும் போடும் கோடு. கீழே, 'எடுத்தவர்' என்று அவர் பெயர். விரலால் தேய்த்தார். அத்தனை குளிரிலிருந்து வந்த குழாயில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

அதைக் குப்பையில் போட்டார். "இப்போ எண்ணு."

நிதானமாக எண்ணினேன். "எண்பத்திரண்டு சார். பதிவேட்டுல எழுதிடட்டுமா? பதினோரு மணிக்கு இயக்குநர் பார்க்க வருவாங்க."

கையுறையில் ஒட்டிய மையோடு அவர் வெளியே போனார்.