இந்த மாதம் டெய்லர் முறை

புது சப்-இன்ஸ்பெக்டர் உதைத்த உதையில் கதவு ஒரு கீலோடு தொங்கியது. தையல் கடையின் பின்னறைக்குள் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் அசையக் கூடாது!"

யாரும் அசையவில்லை. கடைக்குச் சொந்தக்காரரான டெய்லர் மட்டும் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "தாழ்ப்பாளே போடல சார். லேசா தள்ளியிருந்தா தொறந்திருக்கும்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு இது முதல் சோதனை. மீசையைத் தடவிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரின் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. அவருக்கு எதிரே இருந்தவரின் கன்னத்தில் பாயின் வரிகள் பதிந்திருந்தன. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதால் அவரை எல்லோரும் மேனேஜர் என்றே கூப்பிடுவார்கள். மற்ற இருவரில் ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் மருந்துக்கடைக்காரர்.

"கண்ணைப் பாரு! ராத்திரி பூரா ஆட்டம் போல. சீட்டுக்கட்டு எங்க?"

கூட வந்த ஏட்டு யாரையும் கேட்கவில்லை. நேராக மூலைக்குப் போய், வெட்டுத்துணி மூட்டையின் அடியில் கையை விட்டு ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். "அனுபவம்னா இதுதான்யா!"

ஏட்டு அடக்கமாக இருமினார்.

மேனேஜர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே துண்டும் பிரஷர் மாத்திரையும் இருந்தன. "போலாமா சார்? இந்த மாசம் டெய்லர் முறைதான். அவருக்குப் பதிலா நான் வர்றேன்."

"முறையா? என்ன முறை?"

"மாசம் ஒரு கேஸ், ஒரு ஆளு. உங்களுக்கு முன்னாடி இருந்த ஐயா அதுக்கு மேல ஆசைப்பட மாட்டாரு."

ஏட்டு மறுபடியும் இருமினார். இந்த முறை அடக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சூதாடுறதுக்கு முறை வேறயா? நாலு பேரும் வண்டியில ஏறுங்க!"

டெய்லரின் முகம் வெளிறியது. "சார், எம்பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருக்கா. மாப்பிள்ளை வெளியூர்ல. சாயங்காலம் ஆபரேஷனாம், கையெழுத்துப் போட நான்தான் போகணும். இவங்களை வேணா கூட்டிட்டுப் போங்க, என்னை மட்டும் விட்டுடுங்க."

நண்பர்களை இவ்வளவு சுலபமாகத் தாரை வார்த்ததில் மற்ற மூவருக்கும் வருத்தமில்லை. ஆமாம் என்று ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

"இது சூதாடுறதுக்கு முன்னாடி தெரியலையா?"

மேனேஜருக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடினதாவே வெச்சுக்குங்க சார். எங்க காசு, எங்க நேரம், சாத்தின கதவு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்? யாராவது உங்ககிட்ட வந்து அழுதாங்களா?"

"அழுதாத்தான் வரணும்னு சட்டத்துல இல்ல."

"அப்ப யாரைக் காப்பாத்த வந்தீங்க?"

"உங்களைத்தான்யா! உங்ககிட்டேருந்து உங்களைக் காப்பாத்தத்தான் அரசாங்கம் எங்களை வெச்சிருக்கு."

"ரொம்ப நன்றி. ஆனா இந்த ரூம்ல இதுவரைக்கும் அடிபட்டது அந்தக் கதவு மட்டும்தான் சார். அதுவும் உங்களால."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்தார். அது இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு டெய்லரைப் பார்த்தார். அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் ஒரு தங்கை இருந்தாள், அவளும் மாசமாக இருந்தாள்.

"சரி, ஒண்ணு சொல்றேன். எங்க வீட்லயும் ரம்மி ஆடுவோம், காசு வெக்காம. காசுக்கு ஆடுறவன் கை வேற, பொழுதுபோக்கா ஆடுறவன் கை வேற. பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவேன். என் முன்னாடி ஒரு ஆட்டம் ஆடுங்க. வெறும் பொழுதுபோக்குன்னு பட்டா, நாலு பேரையும் இங்கயே விட்டுட்டுப் போறேன்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டு அவசரமாகக் குறுக்கிட்டார். "எதுக்கு சார் நேரத்தை வீணாக்கிட்டு? மேனேஜரை மட்டும் ஏத்திட்டுக் கிளம்பிடலாமே."

"நீங்க சும்மா இருங்க. டெய்லர், சீட்டைப் போடுங்க!"

டெய்லர் கட்டைப் பிரித்தார். கலைத்தபோது பாதிச் சீட்டு மடியில் விழுந்தது. பொறுக்கியெடுத்து மேனேஜருக்கு ஐந்து போட்டார், எலக்ட்ரீஷியனுக்கு ஒன்பது போட்டார், எல்லாவற்றையும் படம் தெரியும்படி மல்லாத்தி வைத்தார். நடுவில் ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டரிடமே நீட்டினார்.

"இதுல ஒரு கோமாளி கலந்திருக்கான் சார். எடுத்துடட்டுமா?"

சப்-இன்ஸ்பெக்டர் ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார். "என்னய்யா ஆட்டம் இது? ரம்மியில ஒருத்தருக்கு எத்தனை சீட்டுன்னுகூடவா தெரியாது?"

டெய்லர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்களுக்கு மத்தியானம் இங்க வந்து தூங்க மட்டும்தான் சார் தெரியும். எத்தனை சீட்டுன்னு ஏட்டய்யாவைக் கேளுங்க, கட்டு அவரோடது."