இரண்டாவது எஸ்கேப்

செல்லக்கனி அக்கா எஸ்கேப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. மறந்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எதிர் நாற்காலியில் புது மேனேஜர் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் வாயால் சொல்லச் சொல்ல அக்கா ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். தொண்ணூற்றெட்டு ஆவணியோடு எங்கள் ராஜபாளையம் ஏற்றுமதி ஆபீஸில் பழைய யூனிக்ஸ் மெஷினைத் தூக்கிவிட்டு, மேஜைக்கு மேஜை விண்டோஸ் வைத்தாயிற்று. புது மெஷின் ஓட்டத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அக்காவால் மவுஸ் பிடிக்க முடியாது. அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக மங்கி மங்கி, இந்த ஆடியோடு எழுத்து எதுவுமே தெரியாமல் போய்விட்டது. ஆள் வந்தால் நிழலாடும், அவ்வளவுதான். ஆபீஸில் இது, மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு மட்டும் தெரியும். இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் ஒன்பது வருடமாக அவள் கடிதம் அடித்துப் பழகிய எடிட்டர் என்கிற யூனிக்ஸ் மென்பொருளுக்குக் கண் வேண்டாம், விரலும் காதும் போதும். அதில் எழுத்து அடிக்கிற நிலை ஒன்று, கட்டளை கொடுக்கிற நிலை ஒன்று. எஸ்கேப் அழுத்தினால் கட்டளைக்கு மாறும். மாறிய பிறகும் இன்னொரு தடவை அழுத்தினால் 'கீக்' என்று மணி அடிக்கும். அதனால் அக்கா எப்போதும் இரண்டு தடவை அழுத்துவாள். மணி கேட்ட பிறகுதான் அடுத்த விரல் நகரும்.

அந்த எடிட்டரை விண்டோஸில் ஓட வைக்க மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பழைய கடிதங்களைத் திறக்க வேண்டும் என்று மேனேஜரிடம் ஒரு பொய். விண்டோஸின் மேல் உட்கார்ந்துகொண்டு யூனிக்ஸ் மாதிரி நடிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. கிருஷ்ணன்கோவில் காலேஜில் இருக்கும் சிநேகிதன் சிடியில் போட்டுத் தந்தான். அதில் ஓடுகிற மாதிரி எடிட்டரைக் கம்பைல் செய்து மாற்றினால் நாற்பது பிழை, திருத்தினால் அறுபது.

ஒருவழியாக ஓடியது. சோதிக்கச் சோதிக்க ஓயாமல் மணி. பக்கத்து மேஜை பாலம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே கபீரு, காது கிழியுது, செத்த நேரம் அத அமத்துலே."

எடிட்டரின் நிரலில் மணி அடிக்க வைக்கும் அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்தி வைத்தேன். திரும்பப் போடவே இல்லை. இப்போது போட்டுக் கம்பைல் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும்.

"என்னம்மா, நின்னுட்டிய?" என்றார் மேனேஜர்.

அக்கா சிரிக்கப் பார்த்தாள். விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. நிலை மாறியதா என்று தெரியாமல் அடித்தால் கட்டளை எல்லாம் கடிதத்துக்குள் எழுத்தாக விழும். இல்லாவிட்டால் கடிதமே காணாமல் போகும்.

நான் குடித்து வைத்த டீ கிளாஸ் மேஜையில் இருந்தது. பேனாவால் தட்டினேன். டிங்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பேனாவைக் கிளாஸுக்குள் விட்டு, இல்லாத சீனியைக் கலக்கினேன்.

அக்கா தலையை லேசாகச் சாய்த்தாள். புரிந்துகொள் அக்கா, அல்லாவே, புரிந்துகொள்ளட்டும்.

விரல் இறங்கியது.

கடிதம் நகர்ந்தது. கடைசி வரி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார் அவர். எஸ்கேப், எஸ்கேப். நான் திரையைப் பார்த்துத் தட்டினேன். டிங். வரி போனது. மொத்தம் ஆறு தடவை தட்டியிருப்பேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பிரிண்டர் கறகறவென்று துப்பி முடித்தது. மேனேஜர் எழுந்துபோய்த் தாளைக் கிழித்து, நின்றபடியே முழுசாகப் படித்தார். பிறகு அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"தப்பு எதுவும் இருக்கான்னு பாருங்கம்மா."

அக்கா நிழலைப் பார்த்துக் கை நீட்டி வாங்கினாள். முகத்துக்கு நேரே பிடித்தாள். இடமிருந்து வலம், இடமிருந்து வலம் என்று தலையை அசைத்து, வரி வரியாகக் கீழே இறங்கினாள். வீட்டில் எத்தனை நாள் பழகினாளோ.

"ஒன்னுமில்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

கடிதம் இன்னும் மேனேஜரின் கையிலேயே இருந்தது. அக்கா படித்தது, காலையில் பிரிண்டரைச் சோதிக்க நான் எடுத்து அதன் பக்கத்திலேயே போட்டிருந்த தாள். பக்கம் முழுக்க வெறும் கேள்விக்குறிகள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்காவின் கையிலிருந்து அந்தத் தாளை மெதுவாக வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று கையசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எட்டு லெட்டர் இருக்கு," என்றார் தணிந்த குரலில். "டீ கிளாஸ வச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க? அந்தச் சத்தத்த மெஷின்லயே வர வைங்க."

உள்ளே வந்தேன்.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா தம்பி? தாளை வாங்கிப் படிச்சதும் அவிய வாயடைச்சுப் போனாவ."

"ஆமாக்கா," என்றேன். "நல்லாப் படிச்சிய."