தளபதியின் இடது கை

மார்ச் ஒன்பதாம் தேதி, நெடுங்காலமாக வரும் ஒரு விண்வெளிச் சித்திரக்கதையின் பதிப்பகம் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவித்தது: முதல் பதினான்கு பாகங்கள் இனி கதையின் கணக்கில் சேராது, அவற்றில் ஒற்றைக் கையோடு வந்த பெண் தளபதிக்கு எப்போதுமே இரண்டு கைகள்தான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெயில் தையல் மெஷின்மேல் சாய்ந்து விழுகிறது. தங்கை, அக்கா போடப்போகும் தளபதி வேடத்தின் நீலக் கோட்டை மடியில் போட்டு, அதன் இடது கையைத் தடவிக்கொண்டிருக்கிறாள். விபத்தில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்த அக்கா, எதிரே ஊக்கைப் பல்லில் கடித்தபடி நிற்கிறாள். “ரசிகர் மாறுவேடப் போட்டிக்கு இப்ப இருக்கிற தளபதி மாதிரிதான் வரணுமாம். பஞ்சு அடைச்சு ஒரு கை வச்சிடவாக்கா?” அக்கா ஊக்கை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். “எனக்கே ஒண்ணுதான். அவளுக்கு எதுக்குடி ரெண்டு?” “பேரை அடிச்சிடுவாங்க.” “அடிக்கட்டும். அவங்க எழுதினதை அவங்க அழிச்சுக்கட்டும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் படிச்சதை யாருடி அழிக்கிறது?” தங்கை துணியை முழங்கையில் மடித்து ஊக்குக்காகக் கை நீட்டுகிறாள். அக்கா தரவில்லை. “ஊக்கு வேணாம். மிச்சத்தை வெட்டிட்டுத் தை.” கத்தரிக்கோல் கரகரவென்று ஓடுகிறது. நீலத் துண்டு தரையில் விழுந்து வெயிலில் கிடக்கிறது.

சனிக்கிழமை போட்டியில் நடுவர்கள் அக்காவின் பெயரை நீக்கினார்கள். அரங்கம் மூடும்வரை அவள் கோட்டைக் கழற்றவில்லை.