பதவி விலகிய மந்திரி

'14.7.1961. ரேடியோ நாடகத்தைப் பற்றி நேற்று நான் எழுதியதில் முடிவு தவறு.'

எழுதிய பிறகும் மாதம்மாளுக்கு மனம் ஆறவில்லை. மலைக்கு ரோடு போடாத மந்திரி வெட்கப்பட்டுப் பதவி விலகியதாகவும், அந்தக் கடைசிப் பேச்சே இந்த வாரத் தொடரின் உயிர் என்றும் எழுதியிருந்ததை அன்று மாலை வகுப்பில் படித்திருந்தாள். அதே நாடகத்தைப் பக்கத்து ஊரான வாசலூர்பட்டியில் கேட்டிருந்த வாத்தியார் சிரித்துவிட்டார்.

"மந்திரி மாலையில்ல போட்டுக்கிட்டாரு? தூங்கிட்டியா கண்ணு?"

இனி வகுப்புக்கே போகக்கூடாது என்று நினைத்தபடி, பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் சின்னானிடம் போனாள். நாடக நேரத்தில் அறைக்குள் அவனும் ரேடியோவும் மட்டும்தான். ஊர் முழுக்க ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்.

"ஏனுங்ண்ணா, மந்திரி விலகினாருங்களா, இல்லீங்களா? ஊரே அழுதுச்சே."

சின்னான் தலையைச் சொறிந்தான்.

"அவரு மேடையேறினதும் பேட்டரி தீந்துபோச்சு கண்ணு. சனம் வாயப் பொளந்துக்கிட்டு காத்திருந்துச்சு. மிச்சத்த நானே பேசிட்டேன்."



"நல்லாத்தான் பேசினீங்க. பேட்டரி எப்ப வருமுங்க?"

"அடுத்த மாசம்."

மாதம்மாள் நோட்டைத் திறந்து முதல் வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

'நாளை: ரோடு போடப்போகும் புது மந்திரிக்கு வசனம் எழுத வேண்டும்.'