விரல் நுனி

"இடது கையைக் காட்டுங்க" என்றாள் மனைவி.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். விரல் நுனி ஒவ்வொன்றையும் அவள் அழுத்திப் பார்த்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்கு. மூணு மாசமா கிட்டார் கிளாஸ் போறவர் விரலா இது? கம்பியை அழுத்தி அழுத்திக் காய்ச்சுப் போயிருக்க வேணாமா?"

அவர் வலது கையால் பேப்பரை மறுபடி எடுத்தார். "எனக்கு எப்பவுமே மெத்துன்னு இருக்குற கை."

"வலது கையில நகத்தை ஒட்ட வெட்டியிருக்கீங்க. நகம் கொஞ்சம் வளர்த்து மீட்டினாத்தான் சத்தம் கணீர்னு வரும். வெறும் சதையில மீட்டினா அமுங்கித்தான் வரும். உண்மையைச் சொல்லுங்க, சாயந்தரம் எங்க போறீங்க?"

இனி மழுப்பிப் பயனில்லை.

"ரெண்டாவது வாரமே உங்களுக்கு இது வராது சார்னு சொல்லி மாஸ்டர் அனுப்பிட்டாரு. நீ ஆசையா சேர்த்துவிட்டது, சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஸ்டேஷன் பக்கத்துப் பார்க்குல உட்கார்ந்துட்டு எட்டு மணிக்கு வர்றேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு நாளும் வீட்டுப் பக்கம் வரலையே?"

"இல்லை."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சிரித்தே விட்டாள்.

"அதானே பார்த்தேன். நிஜமா வாசிக்கிற விரல்னா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். தலையைக் கோதிவிட்டா முடி சிக்கும்."

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கிட்டாரை அவள் படத்தில்தான் பார்த்திருப்பாள் என்று இதுவரை நினைத்திருந்தார்.

"யார் தலையை?" என்று கேட்டார்.